எலக்ட்ரான் இருக்குமிடம்: நீல்ஸ் போரின் பாதையா, ஷ்ரோடிங்கரின் முகிலா?

புரோட்டானும் நியூட்ரானும் அணுக்கருவுக்குள் இருக்கின்றன என்பதில், 1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்த பிறகு கருத்து வேறுபாடு இல்லை. எலக்ட்ரானின் இருப்பிடம் அவ்வளவு எளிதில் முடிவாகவில்லை.

நேர்மின்சுமை அணு முழுவதும் பரவிக் கிடக்க, எலக்ட்ரான்கள் அதில் பதிந்துள்ளன என்பது 1904-இல் தாம்சன் முன்வைத்த மாதிரி. மெல்லிய உலோகத் தகட்டில் மோதிய, நேர்மின்சுமை கொண்ட ஆல்பா துகள்களில் ஏறத்தாழ 8000-க்கு ஒன்று வந்த பக்கமே திரும்புவதை கைகரும் மார்ஸ்டனும் 1909-இல் கண்டார்கள். பரவிக் கிடக்கும் சுமைக்கு அவற்றைத் திருப்பி அனுப்பும் வலு கிடையாது என்பதால், ரூதர்ஃபோர்டு 1911-இல் அச்சுமையை நடுவிலுள்ள சிறு கருவுக்குள் ஒடுக்கினார். தாம்சன் மாதிரி அத்துடன் போட்டியிலிருந்து விலகிவிட்டது.

எஞ்சியவை நீல்ஸ் போர், எர்வின் ஷ்ரோடிங்கர் ஆகிய இயற்பியலாளர்களின் மாதிரிகள்; அவை இரண்டும் ஹைட்ரஜனில் ஒரே எண்ணைத் தருவதுதான் வேடிக்கை. போரின் 1913-ஆம் ஆண்டு மாதிரியில், தாழ்ந்த ஆற்றல் நிலையிலுள்ள எலக்ட்ரான் கருவிலிருந்து 52.9 பிக்கோமீட்டர் தொலைவில் வட்டமிடுகிறது. ஷ்ரோடிங்கரின் 1926-ஆம் ஆண்டுச் சமன்பாட்டிலோ அதே 52.9, எலக்ட்ரான் தென்பட மிக அதிக வாய்ப்புள்ள தொலைவு மட்டுமே. அதற்கு உட்பட்ட கோளத்துக்குள் எலக்ட்ரான் அகப்படும் நிகழ்தகவு சுமார் 32 விழுக்காடுதான்; மீதி 68 விழுக்காடு வெளியே. இந்த நிகழ்தகவுப் பரவல்தான் எலக்ட்ரான் முகில்; அது மிக அடர்ந்திருக்கும் இடமோ கருவேதான்! கருவை ஒட்டிய கோள ஓடுகளின் கன அளவு மிகச் சிறியது என்பதால், தொலைவுவாரியாகக் கூட்டும்போது அந்த அடர்த்தி கணக்கில் எடுபடாமல் போகிறது.

ஹைட்ரஜனின் 13.6 எலக்ட்ரான்வோல்ட் அயனியாக்க ஆற்றலை (எலக்ட்ரானை அணுவிலிருந்து பிரிக்கத் தேவையான ஆற்றல்) போரின் மாதிரியும் சரியாகவே தருவதால், ஆற்றலைக் கணக்கிடுவதோடு நிற்பவருக்கு அதுவே போதும். இருப்பிடம் என்று வரும்போது, என் கணிப்பில் அது தோற்கிறது. வட்டப்பாதையில் செல்லும் எலக்ட்ரான் ஒருபோதும் கருவைத் தொடாது. ஆனால் பெரிலியம்-7 தன் எலக்ட்ரான்களில் ஒன்றைக் கருவுக்குள் இழுத்துக்கொண்டு, சுமார் 53 நாள் அரை ஆயுளில் லித்தியம்-7 ஆக மாறுகிறது. முகில் கருவுக்குள்ளும் பரவியிருப்பதாகக் கொண்டால்தான் இதற்கு விளக்கம் கிடைக்கும். பெரிலியம் எந்தச் சேர்மத்தில் பிணைந்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் கருவின் மேல் எலக்ட்ரான் அடர்த்தி சற்றே மாறுவதால், அந்த அரை ஆயுளும் மிகச் சிறிதளவு கூடவோ குறையவோ செய்கிறது.