மியூஸ், நியூஸ் 2, கியூசோஃபா: வடசென்னையின் பொது வார்டுக்கு எது பொருந்தும்?

பொது வார்டில் இருக்கும் நோயாளியின் நிலை மோசமாகும்போது, பல நேரங்களில் அதற்குச் சில மணி நேரம் முன்பே மூச்சும் நாடியும் மாறத் தொடங்கியிருக்கும். கேஸ் ஷீட்டில் அவை எழுதப்பட்டும் இருக்கும். தனித்தனியே பார்த்தால் அற்பமாகத் தெரியும் அந்த மாற்றங்களுக்கு மதிப்பெண் இட்டு, கூட்டி, எந்த எண்ணுக்கு யாரை அழைக்க வேண்டும் என்று வரையறுப்பதே முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு செவிலியர் பல படுக்கைகளைப் பார்க்க வேண்டிய வார்டுகளுக்கு எந்த முறை ஏற்றது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய முறைகளில் ஒன்றான மியூஸ் 2001-இல் பிரிட்டனிலிருந்து வெளியான ஆய்வின் வழியாகப் பரவலாக அறியப்பட்டது. மூச்சு எண்ணிக்கை, நாடி, மேல் இரத்த அழுத்தம், உடல் வெப்பம், உணர்வு நிலை ஆகிய ஐந்தையும் கூட்டி 5 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து என்று கொள்வது அதன் வழக்கம். லண்டனில் உள்ள ராயல் மருத்துவர் கல்லூரி 2012-இல் நியூஸ் முறையைக் கொண்டுவந்து, 2017-இல் அதைத் திருத்தி நியூஸ் 2 ஆக்கியது. இது இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவையும், ஆக்சிஜன் கொடுக்கப்படுகிறதா என்பதையும் சேர்த்து ஏழு கூறுகளைப் பார்க்கிறது. 2016-இல் வந்த கியூசோஃபா மூன்றை மட்டுமே கேட்கும்: மூச்சு நிமிடத்துக்கு 22-ஐ எட்டியதா, மேல் அழுத்தம் 100 அல்லது அதற்குக் கீழா, உணர்வு மாறியிருக்கிறதா. இவற்றில் இரண்டு இருந்தால் எச்சரிக்கை.

காசிமேட்டில் மீன் இறக்கும் வேலை செய்யும் 58 வயதுக்காரர் ஒருவர் நிமோனியாவுடன் சேர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தெளிவாகப் பேசுகிறார். மூச்சு 24, நாடி 108, மேல் அழுத்தம் 106, வெப்பம் 38.2 செல்சியஸ், ஆக்சிஜன் கொடுத்தும் அளவு 94 சதவீதத்தில்தான் நிற்கிறது. மியூஸ் மூச்சுக்கு 2, நாடிக்கு 1 என மொத்தம் 3 மட்டுமே தரும். கியூசோஃபாவில் 1. இரண்டிலும் எச்சரிக்கை எழாது. நியூஸ் 2-இல் மூச்சுக்கு 2, ஆக்சிஜன் அளவுக்கு 1, ஆக்சிஜன் கொடுப்பதற்கு 2, அழுத்தம், நாடி, வெப்பம் மூன்றுக்கும் தலா 1 என மொத்தம் 8 வருகிறது. 7-ஐ எட்டினாலே அவசரக் குழு வந்து பார்க்க வேண்டும் என்பது அதன் விதி. ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளியை வைத்துக் கணக்கிட்டதால் வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது என்பது உண்மைதான். ஆனாலும் நம் மருத்துவ வார்டுகளில் கவலை தருபவர்களில் இத்தகையவர்கள் ஏராளம் என்பதால், இந்த வித்தியாசத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

நியூஸ் 2-க்கும் இடர்கள் உண்டு. நீண்ட காலப் புகைப்பழக்கத்தாலோ பழைய காசநோயாலோ நுரையீரல் கெட்டு, கரியமில வாயு இரத்தத்தில் தேங்கும் நிலையில் உள்ளவருக்கு 89 சதவீதமே போதுமான இலக்காக இருக்கலாம். அவரை வழக்கமான அளவுகோலில் வைத்தால் அதற்கே 3 மதிப்பெண் ஏறும். தேவையில்லாமல் ஆக்சிஜனைக் கூட்டும் ஆபத்தும் சேரும். அவர்களுக்காகவே 88 முதல் 92 வரை இலக்காகக் கொண்ட இரண்டாவது அளவுகோல் இருக்கிறது. தமனி இரத்த வாயுப் பரிசோதனையில் உறுதியான பிறகு மருத்துவர் முடிவெடுத்து எழுதினால் மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். மூச்சுத்திணறலோடு வரும் எல்லோருக்கும் அதைப் போட்டால் உண்மையான சரிவு மறைந்துவிடும். பல்ஸ் ஆக்சிமீட்டர் கருநிறத் தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதை 2020-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. நம் வார்டுகளில் 95 என்ற எண்ணை நம்பி நிம்மதி அடைவதற்கு முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்று முறைகளுக்கும் அடிப்படை மூச்சு எண்ணிக்கைதான். வார்டில் அதிகம் புறக்கணிக்கப்படுவதும் அதுவே. மார்பைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணாமல் எல்லாப் படுக்கைக்கும் 20 என்று எழுதினால், எந்த முறையை அச்சிட்டு மாட்டினாலும் பயன் இருக்காது.

உணர்வு நிலையில் நியூஸ் 2 இன்னொரு படி மேலே நிற்கிறது. புதிதாகத் தோன்றும் குழப்பத்துக்கு அது நேரடியாக 3 மதிப்பெண் தருகிறது. கண் திறந்து பதில் சொல்பவர் முதல் முறை பார்க்கும் செவிலியருக்குத் தெளிவாகவே தோன்றுவார். “அப்பா நேத்து மாதிரி பேசல சிஸ்டர், ஆள் மாத்தி கூப்பிடறாரு” என்று பாயில் உட்கார்ந்திருக்கும் மகள் சொல்வதுதான் அங்கே மருத்துவத் தகவல். அதைக் கேட்டு உடனே அட்டவணையில் ஏற்ற வேண்டும்.

கியூசோஃபாவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையால் உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸைக் கண்டறியும் தனிக் கருவியாக அதை மட்டும் நம்ப வேண்டாம் என்று 2021-இன் சர்வதேச வழிகாட்டுதலே பரிந்துரைத்துவிட்டது. கர்ப்பிணிகளுக்கும் 16 வயதுக்குட்பட்டோருக்கும் நியூஸ் 2 பொருந்தாது. மகப்பேறு வார்டுக்கும் குழந்தைகள் வார்டுக்கும் தனி அட்டவணைகள் வேண்டும்.

நியூஸ் 2 அதிக எச்சரிக்கைகளை எழுப்பும், அத்தனை பேரையும் பார்க்க ஆள் எங்கே என்ற எதிர்ப்பு நியாயமானது. 5 வந்தாலே ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பார்க்கச் சொல்லும் முறை அது. ஆனால் 0 எடுத்தவரை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்பதும் அதே முறைதான். எல்லோருக்கும் ஒரே இடைவெளியில் பிபி பார்க்கும் வழக்கத்தை விட்டு, அந்த நேரத்தை 5 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்குத் திருப்பலாம். மாலை ரவுண்ட்ஸிலேயே அவர்களின் படுக்கைகளை நர்ஸ் மேசைக்கு அருகில் மாற்றி, 7 வந்தால் இரவில் எந்த டியூட்டி டாக்டரை எந்த எண்ணில் அழைப்பது என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதி வைத்தால், இருக்கும் ஆட்களைக் கொண்டே நியூஸ் 2-ஐத் தொடங்கிவிட முடியும்.