மறுசுழற்சி விழுக்காடா, எஞ்சிய குப்பையின் எடையா?

கவுன்சிலின் (உள்ளூராட்சியின்) குப்பைச் சேவை தேறுகிறதா என்று ஆண்டுதோறும் பார்க்க ஒரே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுப்பது என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் முடிவானபோது, பெரும்பாலோர் கேட்டது மறுசுழற்சி விழுக்காட்டைத்தான்; அதாவது வீட்டுக் குப்பையில் எத்தனை பங்கு மறுசுழற்சிக்கும் உரமாக்கவும் போகிறது என்ற கணக்கு. நான் வீட்டுக்கு எத்தனை கிலோ எஞ்சிய குப்பை, அதாவது மறுசுழற்சிக்குப் போகாமல் சாதாரணத் தொட்டியில் விழும் குப்பை, என்ற கணக்குக்காக வாதாடினேன். கடைசியில் அதுவே நின்றது. இங்கிலாந்தில் தங்கள் கவுன்சிலைக் கேள்வி கேட்க நினைக்கும் பிறருக்கும் பயன்படும் என்பதால் காரணங்களை எழுதுகிறேன்.

முதலிலேயே கழிந்துபோனவை மூன்று. ஒரு லட்சம் தொட்டிகளில் எத்தனை எடுக்கப்படாமல் விடுபட்டன என்ற கணக்கு, வண்டி வந்ததா என்பதைச் சொல்லும். குப்பை எங்கே போனது என்பதைச் சொல்லாது. அதுவும் யாராவது புகார் கொடுத்தால்தான் ஏட்டில் ஏறும். மக்கள் திருப்தி ஆய்வு, கேள்வியை எப்படிக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நிலத்தில் புதைக்கும் குப்பையின் அளவு ஒருகாலத்தில் முக்கியமாக இருந்தது. இன்று கவுன்சில்கள் சேர்க்கும் கழிவில் ஏறக்குறைய பாதி எரிஉலைக்குப் போகிறது. புதைப்பது குறைந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து யாரையும் பாராட்ட முடியாது.

மிச்சம் இரண்டு. கவுன்சில்களின் செயல்பாட்டை அளக்க 2008இல் நடைமுறைக்கு வந்த தேசியக் குறியீடுகளில் 191, 192 என்று அடுத்தடுத்து நின்றவை இவைதாம்: 191 வீட்டுக்கான எஞ்சிய குப்பையின் எடை, 192 மறுசுழற்சி விழுக்காடு. அந்தக் குறியீட்டுத் திட்டம் பிறகு கைவிடப்பட்டது. ஆனாலும் இரண்டு கணக்குகளும் தொடர்ந்து வெளிவருகின்றன.

விழுக்காட்டில் என்ன குறை? ஒரு வீடு ஆண்டுக்கு 600 கிலோவைச் சாதாரணத் தொட்டியிலும் 400 கிலோவை மறுசுழற்சித் தொட்டியிலும் போடுகிறது, விழுக்காடு 40. பக்கத்து வீட்டில் அவை 400, 200, விழுக்காடு 33. பட்டியலில் முதல் வீடுதான் மேலே நிற்கும். எரிக்கவோ புதைக்கவோ 200 கிலோ குறைவாகக் கொடுத்த வீடு கீழே கிடக்கும். இப்போது முதல் வீட்டுக்காரர் தோட்டத்து மூலையில் தாமே உரமாக்கிக்கொண்டிருந்த 200 கிலோ புல்லையும் இலையையும் கவுன்சிலின் தோட்டக் கழிவுத் தொட்டியில் போடத் தொடங்கினால் விழுக்காடு 50 ஆகிவிடும். எரிஉலைக்குப் போகும் குப்பையில் ஒரு கிலோகூடக் குறையவில்லை. எடையை வைத்துக் கணக்கிடுவதால், ஈரப் புல் சேர்த்த கவுன்சில் முன்னேறிவிட்டது என்ற தோற்றம் வந்துவிடுகிறது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: எண்ணை யார் சரிபார்க்கிறார்கள்? எஞ்சிய குப்பை லாரி எடைமேடையில் ஏறி, நிறைந்த எடை குறிக்கப்பட்டு, கொட்டிவிட்டு வெற்றெடையோடு திரும்புகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பில். புதைப்பதானால் வரி வேறு; 1996இல் டன்னுக்கு 7 பவுண்டாகத் தொடங்கியது, 2025 ஏப்ரலில் 126.15 பவுண்டு ஆனது. எரிஉலைக்கும் டன் கணக்கில் கட்டணம் உண்டு. குப்பையை ஏற்றுக் கட்டணம் பெறுபவர் எடையைக் குறைத்து எழுத விடமாட்டார், குப்பையைக் கொடுத்துக் கட்டணம் செலுத்துபவர் கூட்டி எழுத விடமாட்டார். எதிரெதிர் நலன் உள்ள இருவர் கையெழுத்திட்ட எண் அது.

மறுசுழற்சிப் பக்கத்தில் இந்தக் காவல் தளர்கிறது. தொட்டிக்குள் டயப்பரும் எண்ணெய் ஊறிய அட்டைப்பெட்டியும் இருந்தால் அவற்றை வகைபிரிப்பு ஆலை ஒதுக்கிவிடும். அந்த எடை கணக்கிலிருந்து கழிய வேண்டும். பல ஊர்களின் குப்பை ஒரே ஆலையில் கலக்கும்போது, மாதிரி எடுத்துப் பார்த்த விகிதத்தை வைத்துத்தான் பெரும்பாலும் கழிக்க முடிகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அளவிடும் இடத்தையே மாற்றியதற்கும் இந்தச் சிக்கல் ஒரு காரணம்: சேகரித்ததை எண்ணக்கூடாது, மறுசுழற்சிச் செயல்முறைக்குள் உண்மையில் நுழைந்ததைத்தான் எண்ண வேண்டும் என்பது அதன் விதி.

விழுக்காட்டின் பக்கமும் வலுவான சான்று உண்டு. வேல்ஸ் அதைச் சட்ட இலக்காக்கி, தவறும் கவுன்சிலுக்கு டன்னுக்கு 200 பவுண்டு வரை அபராதம் என்று வைத்து, உலகின் முன்னணி நாடுகளில் ஒன்றாக உயர்ந்திருக்கிறது. அபராதம் போடும் அதிகாரம் இருந்தால் விழுக்காடும் வேலை செய்யும். எங்கள் சங்கத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. கையில் இருப்பது கேள்வி மட்டும்தான். அதற்கு மறுக்க முடியாத எண் தேவை. இங்கிலாந்து அரசே 2042க்குள் ஆளுக்கான எஞ்சிய கழிவை 2019 அளவில் பாதியாக்குவது என்று சட்டத்தில் எழுதியிருப்பதும் எங்கள் வாதத்துக்குத் துணை நின்றது.

எடைக் கணக்கிலும் ஓட்டைகள் உண்டு. ஆறு பேர் வாழும் கூட்டுக் குடும்பத்தையும் தனியாள் வீட்டையும் ஒன்றாகப் பார்ப்பது நியாயமில்லை. ஆளுக்கு எவ்வளவு என்பதே மேல். ஆனாலும் வீட்டு எண்ணிக்கை ஆண்டுதோறும் கிடைத்துவிடும் என்பதால் வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொண்டோம். தொட்டியைச் சிறிதாக்கினால் எடை குறையும். தெருவோரத்தில் மூட்டைகள் கூடவும் கூடும். அதனால் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட குப்பை பற்றிய புகார்களின் எண்ணிக்கையையும் துணைக்குக் கேட்கிறோம். பொதுத் தொட்டி வைத்த அடுக்குமாடிகளுக்கு இதே எண் பொருந்துமா என்பதில் எனக்கு அனுபவம் போதாது; எங்கள் பகுதியில் எல்லாம் தனி வீடுகள். அடுக்குமாடிக்காரர்கள் கேட்பதானால், தங்கள் கட்டடத்துக்கு வரும் வண்டி தனியாக எடை போடப்படுகிறதா என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.