நான்கு பிப்பெட்டுகளும் ஒரு தராசும்

புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையின் உள்தெரு ஒன்றில், ஒரு லேத் பட்டறைக்கும் அட்டைப்பெட்டி செய்யும் கூடத்துக்கும் நடுவே, ஆய்வகக் கருவிகளைப் பழுதுபார்த்து அளவுத்திருத்தம் செய்து தரும் சிறிய பணிமனை ஒன்று இருக்கிறது. குறைகளையும் எழுதப் போகிறேன் என்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். கடந்த மே மாதம், லிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோலிட்டர் கணக்கில் திரவத்தை உறிஞ்சி விடும் நான்கு மைக்ரோபிப்பெட்டுகளைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு கடலூரிலிருந்து பேருந்தில் அங்கே போனேன். உயிர்வேதியியலில் ஆய்வு செய்து ஓய்வு பெற்ற நான், இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஒரு கல்லூரியில் முதுகலை மாணவர்களுக்கு எலைசா சோதனை (மாதிரியில் தேடும் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று நிறமாற்றத்தால் காட்டுவது) சொல்லிக் கொடுக்கிறேன். பிப்பெட்டுகள் கல்லூரியுடையவை அல்ல. வேலையை விட்டு வரும்போது எனக்குக் கழித்துக் கொடுக்கப்பட்ட பழைய கருவிகள்.

நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த காலத்தில், வாயால் உறிஞ்சும் கண்ணாடிப் பிப்பெட் முற்றிலும் மறைந்திருக்கவில்லை. மார்பர்க் நகரில் ஹைன்ரிச் ஷ்னிட்கர் 1957-இல் பிஸ்டன் வைத்த பிப்பெட்டை உருவாக்கியிருந்தார். அளவை மாற்றிக்கொள்ளும் வகை 1970-களின் தொடக்கத்தில் விஸ்கான்சினில் பிறந்தது. எங்கள் கூடத்தில் அப்படிப்பட்டது ஒன்றே ஒன்று இருந்தது. அதைப் பூட்டி வைப்பார்கள். ஒற்றை எதிர்ப்பொருளை (அந்நியப் பொருளைப் பற்றிக்கொள்ள உடல் உண்டாக்கும் புரதம்) மட்டும் சுரக்கும் செல்களை உருவாக்கும் வழியை 1975-இல் கண்டறிந்த கோலரும் மில்ஸ்டைனும் 1984-இல் நோபல் பரிசு பெற்றபோது, உலகெங்கும் போலவே நாங்களும் எலியின் மண்ணீரல் செல்லைப் புற்றுச் செல்லோடு இணைக்கத் தொடங்கினோம். ஒரு குழிக்கு ஒரு செல் விழுமாறு நீர்த்து, 96 குழித் தட்டுகளில் பிரித்து, எந்தக் குழியின் திரவத்தில் நமக்கு வேண்டிய எதிர்ப்பொருள் இருக்கிறது என்று எலைசாவில் தேடும் வேலை அது. யானைக்கால் புழுவின் எதிர்ப்பொருள் தூண்டியை, அதாவது எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ளும் புழுப்பொருளை, இரத்தத்தில் கண்டறியும் எதிர்ப்பொருள்களில்தான் என் ஆண்டுகளில் பெரும்பகுதி கழிந்தது. கடலூர்க்காரனுக்கு இந்தப் பொருளில் ஆர்வம் வருவதில் வியப்பில்லை. அந்தப் புழுவின் இளம் பருவமான நுண்புழு இரவில்தான் இரத்த ஓட்டத்துக்கு வரும் என்பதால், இரவு பத்து மணிக்கு மேல் வீடு வீடாக வந்து விரல் நுனியில் குத்தி இரத்தத் தடவல் எடுத்துப் போனவர்களை எங்கள் தெருவில் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். எதிர்ப்பொருள் தூண்டியைத் தேடும் சோதனைக்குப் பகல் இரத்தமே போதும். தொண்ணூறுகளில் டி.என்.ஏ.வைப் பல மடங்கு நகலெடுக்கும் பி.சி.ஆர். முறை வந்தபோது விலை உயர்ந்த நொதியை அரை மைக்ரோலிட்டர் அரை மைக்ரோலிட்டராகச் சிக்கனம் பிடித்தோம். இத்தனைக்கும் நடுவில் கையில் இருந்தது பிப்பெட்தான். அது சொன்ன அளவைத்தான் தருகிறதா என்று நான் கேட்டுப் பார்த்த தடவைகள், வெட்கத்தோடு சொல்கிறேன், மிகக் குறைவு.

பிப்பெட்டுகளைச் சரிபார்க்க எங்கள் கூடத்துக்கு ஒரு நிறுவனத்தோடு ஆண்டு ஒப்பந்தம் இருந்தது உண்மை. அவர்கள் வருவார்கள், பச்சை நிற ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அறிக்கையில் ‘தேர்ச்சி’ என்ற ஒரு சொல் இருக்கும், எண் ஒன்றும் இராது. ஒரே சீரத்தை (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) நானும் என் மாணவர் ஒருவரும் தனித்தனியே அளந்து, ஐந்தில் ஒரு பங்கு வேறுபட்ட விடையைப் பெற்று மூன்று மாதம் ஒருவரையொருவர் சந்தேகித்த பிறகுதான், எங்கள் இருவரின் பிப்பெட்டுகளும் ஒன்றல்ல என்பது உறைத்தது.

தட்டாஞ்சாவடிக்காரரை நான் மெச்சும் முதல் காரணம் இங்கேதான் இருக்கிறது. அவர் கருவியைத் திறப்பதற்கு முன்பே, வந்த நிலையிலேயே அளந்து அந்த எண்களை எழுதித் தருகிறார். திருத்திய பின் எடுத்த அளவு நாளைய சோதனைக்கு மட்டுமே உதவும். திருத்துவதற்கு முன் எடுத்த அளவுதான் நேற்றைய சோதனைகளில் எதை நம்பலாம் என்று காட்டும். என் 200 மைக்ரோலிட்டர் பிப்பெட்டை 100-இல் வைத்து அவர் பத்து முறை நீரை எடுத்துத் தராசில் விட்டார். சராசரி எடை 94.7 மில்லிகிராம், எடையைக் கன அளவாக மாற்ற அன்றைய 27 டிகிரி வெப்பத்துக்குரிய 1.0046 என்ற காரணியால் பெருக்கினால் 95.1 மைக்ரோலிட்டர். பிப்பெட்டுகளுக்கான உலகத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 8655 இந்த வகைப் பிப்பெட்டுக்கு 1.6 மைக்ரோலிட்டர் வரையே பிழையை அனுமதிக்கிறது. என்னுடையது அதைப் போல மூன்று மடங்கு தவறியிருந்தது.

ஐந்து சதவீதம்தானே என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. அளவு தெரிந்த மாதிரியைப் படிப்படியாகப் பாதியாக்கும் தொடர் நீர்த்தலில், நீர்க்கப் பயன்படும் தாங்கல் கரைசலையும் மாதிரியையும் அதே பிப்பெட்டால் எடுத்தால் பிழை அடிபட்டுப் போகும். 95-க்கு 95, பாதிக்குப் பாதிதான். ஆனால் தாங்கல் கரைசலை நல்ல பிப்பெட்டால் சரியாக 100 விட்டுவிட்டு, மாதிரியை மட்டும் 95 தரும் பிப்பெட்டால் கடத்தினால், ஏழாவது படியில் 100 இருக்கும் என்று நாம் நம்பும் குழியில் ஏறத்தாழ 83 தான் இருக்கும். அந்தக் குழிகளைக் கொண்டு ஒப்பிடுவதற்காக வரையும் திட்ட வரைகோட்டை வைத்து நோயாளியின் மாதிரியைப் படித்தால், உண்மையில் 83 உள்ளதை 100 என்று எழுதுவோம். எனக்கும் என் மாணவருக்கும் இடையில் இருந்த ஐந்தில் ஒரு பங்கு இப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

அவர் வேலை செய்யும் முறையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கனத்த கருங்கல் பலகையின் மேல் கிராமில் ஐந்து தசம இடம் காட்டும் தராசு. பக்கத்தில் ஆவியாதலைக் குறைக்க நீர் நிரப்பிய சிறு தொட்டி. லேத் ஓடினால் கடைசி இரண்டு இலக்கங்களும் நிலைகொள்ளாமல் ஆடுவதால், பட்டறை சாப்பாட்டுக்கு நிற்கும் ஒன்று முதல் இரண்டு மணி வரைதான் எடை போடுகிறார். மின்விசிறியை அணைத்துவிட்டு என்னையும் இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னார். மே மாதத்தில் அது ஒரு தண்டனை. பிப்பெட்டின் நுனியில் மாட்டும் புது டிப்பை முதலில் நீரில் நனைத்து, பொத்தானை முதல் தடை வரை அழுத்தி, செங்குத்தாக மூன்று மில்லிமீட்டர் மட்டும் மூழ்கவிட்டு, மெல்ல விட்டு, ஒரு நொடி காத்து, கலத்தின் உட்சுவரில் நுனியைத் தொட வைத்து இறக்கினார். என் மாணவர்களை அழைத்து வந்து காட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

பின்பு கழற்றினார். பிஸ்டனில் அம்மைத் தழும்பு போலக் கருத்த புள்ளிகள். கசிவைத் தடுக்கும் வளையமான ஓ-ரிங் ஒரு பக்கம் வெடித்திருந்தது. கடற்கரைக் காற்றின் உப்பு என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அவர் பிஸ்டனை விளக்கடியில் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், இது உப்புக் காத்து இல்ல, ஆசிட். எலைசா பண்றீங்களா?” என்று கேட்டார். நீல நிறத்தை மஞ்சளாக்கி வினையை நிறுத்தும் கந்தக அமிலத்தை ஆண்டுக்கணக்கில் அந்த ஒரே பிப்பெட்டால் விட்டு வந்ததும், விட்ட கையோடு அதை மேசையில் படுக்க வைத்ததும் நினைவுக்கு வந்தன. “தேய்ச்சுக் கொடுத்தா ஆறு மாசம்கூட தாங்காது, மாத்திடுங்க” என்றார். மாற்றிய பிறகு 99.8 காட்டியது.

1000 மைக்ரோலிட்டருக்கு ஓ-ரிங்கும் கிரீஸும் போதுமாக இருந்தன. 20 மைக்ரோலிட்டர் பிப்பெட்டில் குறையே இல்லை. அதைப் பிரித்துப் பணம் வாங்காமல், அளந்த கூலியை மட்டும் எடுத்துக்கொண்டார். 2 மைக்ரோலிட்டர் பிப்பெட்டைத் தொடவே மறுத்தார். அதற்கு ஆறு தசம இடம் காட்டும் தராசு வேண்டும், “என் தராசு அதுக்குப் பத்தாது சார்” என்றார். எண் போட்டுக் கொடுத்திருந்தால் நான் கேள்வி கேட்டிருக்க மாட்டேன். அளக்க ஒரு பிப்பெட்டுக்கு 600 ரூபாய். பாகங்களின் விலை தனி, ரசீதில் வரிவரியாக இருந்தது.

குறைகள் உண்டு. நான்கு நாளில் தருவதாகச் சொன்னவர் பதினொரு நாள் எடுத்துக்கொண்டார். இடையில் இரண்டு முறை நான்தான் தொலைபேசியில் அழைக்க வேண்டியிருந்தது. அறிக்கையில் வெப்பநிலை இருக்கிறது, ஈரப்பதமும் காற்றழுத்தமும் இல்லை. நாம் பயன்படுத்தும் டிப்பைக் கேட்டு வாங்காமல் தம்மிடம் உள்ளதையே மாட்டி அளக்கிறார். டிப் மாறினால் அளவும் சற்று மாறும் என்பதால், அடுத்த முறை போகிறவர்கள் தங்கள் டிப் பெட்டியைக் கையோடு கொண்டுபோவது நல்லது. ஒரே நேரத்தில் எட்டுக் குழிகளில் விடும் எட்டு முனைப் பிப்பெட்டுகளை அவர் எடுப்பதில்லை; எலைசா செய்பவர்களுக்கு இது பெரிய இழப்பு. ஆய்வகங்களின் தகுதியைச் சான்றளிக்கும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எல். தரும் அங்கீகாரமும் இல்லை. எனவே தணிக்கைக்குச் சான்றிதழ் காட்ட வேண்டிய மருத்துவப் பரிசோதனைக் கூடங்களுக்கு இவரது காகிதம் பயன்படாது. கல்லூரி ஆய்வகங்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் தாராளமாகப் பரிந்துரைப்பேன்.

பகல் பன்னிரண்டரைக்குள் போய்ச் சேர்ந்தால் எடை போடுவதை நேரில் பார்க்கலாம். இப்போது எங்கள் வகுப்பில் கந்தக அமிலத்துக்கென்று ஒரு பழைய பிப்பெட்டைத் தனியே சிவப்பு நாடா சுற்றி வைத்திருக்கிறோம். 2 மைக்ரோலிட்டர் பிப்பெட் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.