ஃபோர்ஜ்டு பிஸ்டன் என்று சொல்லி வார்ப்பு பிஸ்டனைத் தலையில் கட்டினார்கள்: ₹86,500 போச்சு

நேற்று ராத்திரி அந்தக் கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். மூன்று வாரமாக "நாளைக்குப் பேசலாம் ப்ரோ" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஆய்வகத்து ரிப்போர்ட்டை அனுப்பின பத்தாவது நிமிடத்தில் காணாமல் போய்விட்டார். கோபம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று பார்த்தேன், அடங்கவில்லை. இன்ஜின் கட்ட நினைக்கும் யாராவது இதைப் படித்துத் தப்பித்தால் சரி. கடைப் பெயரை இங்கே போடவில்லை. பக்கத்து மாநிலத்துப் பெருநகரம் ஒன்றில், வெளிநாட்டு ரேஸ் பார்ட்ஸ் இறக்குமதி செய்வதாகச் சொல்லி சோஷியல் மீடியாவில் விற்கிற கடை. அந்த வகைக் கடைகள் எல்லாவற்றிலும் கவனமாக இருங்கள், அது போதும்.

என்னுடையது 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். அப்பா வாங்கிய வண்டி. இந்த இன்ஜினைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: 75 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 84.5 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 1,493 சி.சி., அந்தக் காலத்திலேயே 106 குதிரைத்திறன். இதற்குச் சின்னதாக ஒரு டர்போ போட வேண்டும் என்பது என் பத்து வருட ஆசை. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு, செட்டிபாளையத்துக் கரி ரேஸ் ட்ராக்கின் சத்தம் கேட்டு வளர்ந்தவனுக்கு இந்த ஆசை வராமல் இருக்காது. இரண்டு வருடமாகச் சம்பளத்தில் ஒதுக்கி ஒதுக்கிப் பொருள் சேர்த்தேன். டர்போ ஒருத்தரிடம், கனெக்டிங் ராடு ஒருத்தரிடம், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியு இன்னொருத்தரிடம். அவர்கள் யாரும் ஏமாற்றவில்லை. கடைசியாக மிச்சம் இருந்தது பிஸ்டன்.

கம்பெனி பிஸ்டன் வார்ப்பில் வருவது. சாதாரண ஓட்டத்துக்கு அது நல்ல பிஸ்டன்தான். டர்போ போட்டு அழுத்தம் ஏற்றும்போது நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடித்துத் தட்டுவது) வந்தால் ரிங் உட்காரும் விளிம்பு பொட்டென்று உடைந்துவிடலாம். ஃபோர்ஜ்டு என்றால் அலுமினியக் கட்டியைச் சூடாக்கி அச்சில் வைத்து அழுத்தி உருவாக்குவது; உள்ளே காற்றுத் துளை இருக்காது, அடி தாங்கும். அதிலும் இரண்டு உலோகம் புழக்கத்தில் இருக்கிறது. 4032 என்பதில் சிலிக்கான் 12 சதவீதம் அளவுக்கு இருக்கும். சூட்டில் குறைவாக விரிவதால் சிலிண்டரோடு கொஞ்சம் நெருக்கமாகப் பொருத்தலாம், தினசரி ஓட்டுகிற வண்டிக்கு ஏற்றது. 2618-இல் சிலிக்கான் கிட்டத்தட்ட இல்லை. அதிகம் விரியும், அதனால் இடைவெளி கூடுதலாக விட வேண்டும், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது டக் டக் என்று தட்டும். ஆனால் அடி விழுந்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். நான் முதலில் 4032 என்றுதான் முடிவு செய்திருந்தேன். தினமும் வேலைக்குப் போகிற வண்டி, 0.5 பார் பூஸ்ட் (டர்போ கூடுதலாகத் தருகிற காற்றழுத்தம்), அதற்கு அது தாராளம்.

அந்தக் கடைக்கு நேரில் போனேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஆன்லைனில் கண்ணை மூடிக்கொண்டு பணம் போடவில்லை. பஸ் பிடித்துப் போய், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினேன். டீ வாங்கிக் கொடுத்தார். என் வண்டியின் படத்தைப் பார்த்து, "அப்பா வண்டியா ப்ரோ? அப்போ இதுல விளையாடக் கூடாது, நானே நின்னு பார்த்துத் தர்றேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். அதுவரை பையில் கையை வைத்துக்கொண்டு யோசித்தவன், அப்போதே முன்பணம் கொடுக்கத் தயாராகிவிட்டேன். மேஜை மேல் ஒரு பிஸ்டனை வைத்தார். கையில் எடுத்துப் பார்த்தேன், உள்ளே கடைசல் போட்ட கோடுகள் தெளிவாகத் தெரிந்தன, நிஜமான ஃபோர்ஜிங். சந்தேகமே இல்லை. இப்போது புரிகிறது, அந்த ஒன்று காட்டுவதற்கு மட்டும்.

"டர்போவுக்கு 4032 போட்டா அழுவீங்க, 2618 எடுங்க" என்றார். 0.5 மி.மீ. ஓவர்சைஸ், 75.5 மி.மீ., நான்கு பிஸ்டன், ரிங், பிஸ்டன் பின், லாக் எல்லாம் சேர்த்து ₹86,500. பில் போட்டால் இன்னும் ஏறும், பில் இல்லாமல் இந்த விலைக்குத் தருகிறேன் என்றார். சரி என்றேன். முன்பணம் ₹40,000, பார்சல் அனுப்பும் முன் ₹46,500. இரண்டும் யு.பி.ஐ., இரண்டும் வேறு ஒருவர் பெயரில் இருந்த கணக்குக்கு. "நம்ம பார்ட்னர் ப்ரோ" என்றார்.

ஐந்து வாரம் கழித்துப் பெட்டி வந்தது. அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் பெயர், சீல், ஸ்பாஞ்சு, எல்லாம் கச்சிதம். உள்ளே அளவுத் தாள் மட்டும் இல்லை. நல்ல ஃபோர்ஜ்டு செட்டோடு ஒரு தாள் வரும். சிலிண்டரோடு எவ்வளவு இடைவெளி விட வேண்டும், பிஸ்டனின் எந்த இடத்தில் அளக்க வேண்டும், ரிங் கேப் (ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே விடும் இடைவெளி) எவ்வளவு என்று அதில் இருக்கும். கேட்டதற்கு, "மூன்றரை தௌ வைங்க, ரிங்குக்கு நான் வாட்ஸ்அப்ல அனுப்பறேன்" என்று பதில் வந்தது. தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எடை போட்டுப் பார்த்தேன். நான்குக்கும் இடையில் 7 கிராம் வித்தியாசம். நல்ல செட்டுகளில் ஒன்றிரண்டு கிராமுக்கு மேல் போகாது. அதற்கும் ஃபோன் செய்தேன். "பேலன்ஸிங் உங்க மெக்கானிக் பண்ணிக்குவார் ப்ரோ." பிஸ்டன் முழுக்க, உட்புறம் உட்பட, கறுப்பாக ஒரு பூச்சு. கேட்டேன். வெப்பத்தைத் தடுக்கிற கோட்டிங்காம்.

போரிங் பட்டறை அய்யாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். போர் கேஜையும் மைக்ரோமீட்டரையும் மேஜையில் வைத்துவிட்டு, "பேப்பர் எங்க கண்ணு? பேப்பர் இல்லாம நான் எதை வச்சு ஹோன் பண்றது?" என்றார். ஹோன் என்றால் சிலிண்டர் உட்சுவரைத் தேய்த்துச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது. வாட்ஸ்அப் மெசேஜைக் காட்டினேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ட்ராக் டே தேதி நெருங்குகிறது என்று நான்தான் அவசரப்படுத்தினேன். மூன்றரை தௌ, அதாவது 0.09 மி.மீ. இடைவெளி வைத்து முடித்துக் கொடுத்தார்.

இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. தட்டுகிற சத்தம். எதிர்பார்த்ததுதானே, 2618 என்றால் ஆறியிருக்கும்போது தட்டும், சூடாகி விரிந்ததும் அடங்கிவிடும். ஆனால் அடங்கவில்லை. அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் அதே சத்தம். கடைக்காரருக்கு ஆடியோ அனுப்பினேன். "ஃபோர்ஜ்டுன்னா அப்படித்தான் ப்ரோ, புதுசுல பயமா இருக்கும், ஓட ஓட செட் ஆகிடும்." நிஜமான ஒரு தகவலை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார். அதுதான் இன்னும் பொறுக்கவில்லை. உள்ளே இருந்தது அதிகம் விரியாத வார்ப்பு பிஸ்டன். அதற்கு இந்த இடைவெளியில் பாதிகூடத் தேவையில்லை. தொளதொள என்று ஆடிக்கொண்டே ஓடியிருக்கிறது. அந்தத் தட்டலில் நாக்கிங் எது, பிஸ்டன் சத்தம் எது என்று எங்களால் பிரிக்கவும் முடியவில்லை.

1,400 கி.மீ. பொறுமையாக ரன்னிங்-இன் ஓட்டினேன். அப்புறம் செட்டிபாளையம் ட்ராக். நாலாவது சுற்றில் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப்புகை. டிப்ஸ்டிக் வழியாக ஆயில் வெளியே தெறித்திருந்தது. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (அழுத்தம்) பார்த்தோம்: 165, 160, 60, 165 பி.எஸ்.ஐ. மூன்றாவது சிலிண்டர் காலி.

ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனை வெளியே எடுத்தால், மேல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் உள்ள விளிம்பு ஒரு விரல் நீளத்துக்கு உடைந்து போயிருந்தது. உடைந்த துண்டு சிலிண்டர் சுவரைக் கீறிவிட்டது. அய்யா அந்தப் பிஸ்டனை ரசாயனத்தில் போட்டுக் கறுப்புப் பூச்சைக் கழுவினார். துடைத்துவிட்டுத் திருப்பிக் காட்டினார். "இங்க பாரு கண்ணு." பிஸ்டன் பின் போகிற இடத்துக்கு மேலே உள்பக்கமாகக் குடைவு இருந்தது, அச்சு சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடியது. ஃபோர்ஜிங்கில் உள் அச்சு ஒரே துண்டு, நேராக இறங்கி நேராக வெளியே வர வேண்டும். உள்ளே அகலமாகக் குடைந்த வடிவம் அதில் வரவே வராது. பல துண்டாகப் பிரியும் அச்சில் ஊற்றினால் மட்டும்தான் வரும். உடைந்த இடத்தை லென்ஸில் பார்த்தால் ஊசிமுனை அளவில் துளைகள். பூச்சு எதற்கு உட்புறமும் பூசினார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

எங்கள் ஊர் கணபதி பகுதியில் ஃபவுண்ட்ரிகளுக்கு டெஸ்ட் செய்து கொடுக்கும் ஆய்வகத்தில் கொடுத்தேன். உலோகத்தில் எது எவ்வளவு என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவியில் சிலிக்கான் 11.8 சதவீதம் என்று வந்தது. 2618 ஆக இருந்தால் 0.2-க்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். ஒரு விஷயம் கவனியுங்கள்: 4032 என்று சொல்லி விற்றிருந்தால் இந்த டெஸ்டில் மாட்டியிருக்க மாட்டார். அதிலும் சிலிக்கான் 12 சதவீதம்தான், வார்ப்பு பிஸ்டனுக்கு நம் ஊரில் பரவலாகப் போடுகிற எல்எம்13-இலும் ஏறக்குறைய அதேதான். அதனால் ஆய்வகத்து அண்ணா ஒரு துண்டை வெட்டி, பாலிஷ் செய்து, மைக்ராஸ்கோப்பில் காட்டினார். உருக்கி ஊற்றிய உலோகம் உறையும்போது கிளை கிளையாக வருகிற அமைப்பு அப்படியே இருந்தது. வார்ப்பு. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இதன் நடுவில் கடைக்காரர் என்ன செய்தார் என்று சொல்கிறேன். முதல் நாள்: "டியூன் பண்ணினவர் தப்பு ப்ரோ, லீனா ஓடியிருக்கும்." டேட்டா லாக் அனுப்பினேன், பூஸ்டில் காற்று-எரிபொருள் விகிதம் 11.5, அதாவது லீன் (எரிபொருள் குறைவு) இல்லவே இல்லை. "ஃபைல் ஓபன் ஆகலை." ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம், "போரிங் சரியில்லை, லோக்கல் பட்டறையில் கொடுத்தா இப்படித்தான்." எழுபது வயது மனிதர், வாழ்நாள் முழுக்கப் போரிங் போட்டவர், அவரைப் பற்றி இவர் சொல்கிறார். அப்புறம், "ரேஸ் பார்ட்ஸுக்கு உலகத்துல எங்கேயும் வாரண்டி கிடையாது." வாரண்டி நான் கேட்கவே இல்லை, சொன்ன பொருளைக் கொடுத்தாயா என்றுதான் கேட்டேன். அப்புறம் பார்ட்னர் வெளியூர். அப்புறம் பார்ட்னருக்கு உடம்பு சரியில்லை. அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு கேள்வி போட்டேன், ஐந்து நிமிடத்தில் என்னை நீக்கிவிட்டார்கள். மறுபடி பஸ் ஏறி நேரில் போனேன். கடைப் பையன், "அண்ணா இல்லைங்க, நீங்க போங்க" என்றான். மாடியில் அவர் குரல் கேட்டது. நான் கீழே நின்றுகொண்டிருந்தேன்.

கடைசியாக ஃபோனில் சொன்னது: "பில் இருக்கா? எங்ககிட்டதான் வாங்கினதுன்னு என்ன ஆதாரம்?" ₹86,500 வாங்கிக்கொண்டு, பில் வேண்டாம் என்று தானே பேசி, அதையே என் கழுத்தில் சுருக்காகப் போட்டார். ரிப்போர்ட்டை அனுப்பினேன். பிளாக்.

₹86,500 பிஸ்டனுக்கு மட்டும். கேஸ்கட் செட், ஆயில், திரும்ப ஹோனிங், லேபர் எல்லாம் தனி. மூன்றாவது சிலிண்டருக்கு லைனர் (உள்ளே பொருத்தும் புது உலோகக் குழாய்) அடித்தாக வேண்டும். இந்த வண்டிக்கு நல்ல பிளாக் இப்போது தேடினாலும் கிடைப்பதில்லை, இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும். அப்பா தினமும் ஷெட்டில் எட்டிப் பார்க்கிறார், எதுவும் கேட்பதில்லை.

பிஸ்டன் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில விஷயங்கள் மட்டும். பில் இல்லாமல் வாங்காதீர்கள், எவ்வளவு குறைத்தாலும் சரி. கடைப் பெயர் ஒன்று, கணக்குப் பெயர் வேறு என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அளவுத் தாள் இல்லாத பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். பெட்டி நம்பரைக் கம்பெனிக்கே மெயில் அனுப்பிக் கேளுங்கள். நான் எல்லாம் முடிந்த பிறகுதான் அனுப்பினேன், இரண்டே நாளில் அப்படி ஒரு நம்பரே இல்லை என்று பதில் வந்தது. பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுங்கள். பட்டறைக்காரர் பேப்பர் கேட்டால் அவரை அவசரப்படுத்தாதீர்கள். சூடான பிறகும் தட்டுகிற சத்தம் நிற்கவில்லை என்றால் ஓட்டாதீர்கள், பிரித்துப் பாருங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று காலை புகார் பதிவு செய்துவிட்டேன். யு.பி.ஐ. ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ், ஆய்வக ரிப்போர்ட் மூன்றையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போடப் போகிறேன். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, அதனால் யாரும் தயங்க வேண்டாம்.

இப்போது ஃபோர்ஜ்டு என்று சொல்லி வாங்கி, உட்புறம் முழுக்கக் கறுப்புப் பூச்சோடு ஒரு செட் யாராவது வீட்டில் வைத்திருந்தால், இன்ஜினுக்குள் போடுவதற்கு முன் ஒரே ஒரு பிஸ்டனின் உட்புறப் பூச்சைக் கழுவிப் பாருங்கள். அச்சு சேர்ந்த கோடு தெரிந்தால் போடாதீர்கள்.