இரண்டு நாள் ‘ஹோம் ஐவி’ பயிற்சி: சான்றிதழும் செல்லாது, பாடமும் தப்பு

நோயாளியின் வீட்டுக்கே போய் ஐவி (ரத்தக்குழாய் வழி) மருந்து ஏற்றும் நர்ஸ்களுக்காகச் சென்னையில் ஒரு தனியார் பயிற்சி நிலையம் நடத்தும் இரண்டு நாள் வகுப்பைப் பற்றிய பதிவு இது. நிலையத்தின் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி நோட்டீஸ் வேறு பெயரில் உங்களுக்கும் வரலாம் என்பதால், எங்கே எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறோம்.

வாட்ஸ்ஆப் நோட்டீஸில் இருந்தவை: அரசு அங்கீகாரம், ‘சர்வதேச ஹோம் இன்ஃபியூஷன் ஸ்பெஷலிஸ்ட்’ சான்றிதழ், சி.என்.இ. (செவிலியர் தொடர்கல்வி) கிரெடிட் ஹவர்ஸ், பிக் லைன் (கை வழியே இதயத்துக்குப் பக்கம் வரை போகும் நீளக் குழாய்), கீமோ போர்ட் (தோலுக்கு அடியில் பதிக்கும் மருந்து வாசல்), பம்ப் எல்லாவற்றிலும் நேரடிச் செய்முறை. பணத்தை முன்கூட்டியே ஜிபேயில் அனுப்ப வேண்டும். அனுப்பிய பிறகு வரும் ரசீதில்தான் ‘பதிவுக் கட்டணம், திருப்பித் தரப்படாது’ என்ற வரி இருக்கும்.

அந்த ‘அரசு அங்கீகாரம்’ வெறும் உத்யம் பதிவு எண். மாவரைக்கும் மில் வைத்திருப்பவருக்கும் அதே பதிவு கிடைக்கும். அது தொழில் பதிவு, பாடத்துக்கான ஒப்புதல் இல்லை. பக்கத்தில் இருந்த ஐ.எஸ்.ஓ. 9001 முத்திரையும் நிர்வாக முறைக்கானது. தமிழ்நாட்டில் ஒரு நர்ஸிங் நிகழ்ச்சிக்குக் கிரெடிட் ஹவர்ஸ் வேண்டுமென்றால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் ஒப்புதல் வேண்டும். அந்தக் கடிதத்தைக் கேட்டபோது வந்த பதில், “அப்ளை பண்ணியிருக்கோம் சிஸ்டர், வந்துடும்.” கையில் கொடுத்த சான்றிதழில் குழுமத்தின் எண்ணும் இல்லை, எத்தனை கிரெடிட் ஹவர்ஸ் என்ற கணக்கும் இல்லை. ‘சர்வதேச’ என்ற சொல்லுக்கு ஓரத்தில் ஓர் உலக உருண்டைப் படம்தான் ஆதாரம். அமெரிக்காவில் தரும் சி.ஆர்.என்.ஐ. (இன்ஃபியூஷன் நர்ஸ்) சான்றிதழுக்குத் தேர்வு எழுதவே, கடைசி இரண்டு ஆண்டில் 1,600 மணி நேரம் இன்ஃபியூஷன் துறையில் வேலை பார்த்திருக்க வேண்டும். சனி, ஞாயிறில் முடிகிற சமாச்சாரம் இல்லை அது.

செய்முறை என்று ஹால் முழுக்க இருந்தவர்களுக்கு ஒரே ஒரு டம்மி கை. முன் வரிசையில் இருந்தவர்கள் தொட்டார்கள், மற்றவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். போர்ட்டில் ஊசி போடுவதைச் சாதாரண 22 கேஜ் ஊசியால் செய்து காட்டினார்கள். போர்ட்டுக்கு ஹூபர் ஊசிதான் போட வேண்டும். சாதாரண ஊசியின் முனை சிலிக்கோன் மூடியைத் துருவி எடுத்துவிடும். நாளடைவில் அந்த ஓட்டை வழியே மருந்து தோலுக்கு அடியில் கசியும். உள்ளே போவது கீமோ மருந்தாக இருந்தால் சதையே வெந்து போகும். கடைசியில் நடந்த ‘தேர்வில்’ விடைகளை மைக்கிலேயே வாசித்தார்கள்.

காசு போனது ஒரு பக்கம். அங்கே சொல்லிக்கொடுத்ததை அப்படியே வீட்டில் செய்தால் நோயாளிக்கு ஆபத்து. அதனால்தான் பாடத்தையும் பிரித்து எழுத வேண்டியிருக்கிறது.

பிக் லைனை ஃப்ளஷ் செய்ய (சலைன் விட்டுக் கழுவ) 2 மி.லி. சிரிஞ்ச் போதும், ‘சின்ன சிரிஞ்ச்னா ஈஸியா போகும்’ என்றார் பயிற்சியாளர். ஈஸியாகப் போவதுதான் பிரச்சினையே. சிரிஞ்ச் எவ்வளவு ஒல்லியோ, அதே விரல் அழுத்தத்துக்கு உள்ளே அவ்வளவு அதிகப் பிரஷர் ஏறும். லைனில் அடைப்பு இருந்தால் கத்தீட்டர் கிழியும். லைன் திறந்திருக்கிறதா என்று பார்க்க 10 மி.லி. சிரிஞ்ச்தான், அல்லது அதே குறுக்களவுள்ள ப்ரீஃபில்டு சிரிஞ்ச். ஹப்பை (சிரிஞ்ச் மாட்டும் வாயை) 70% ஆல்கஹால் ஸ்வாபால் 5 முதல் 15 வினாடி அழுத்தித் தேய்த்துக் காயவிட வேண்டும். மெல்ல இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி, நிறுத்தி, மறுபடி தள்ளி என்று 10 மி.லி. நார்மல் சலைன் போக வேண்டும். ரத்தம் எடுத்த பிறகோ டி.பி.என். (ரத்தக்குழாய் வழி ஊட்டம்) முடிந்த பிறகோ என்றால் 20 மி.லி. இறுக்கமாக இருந்தால் தள்ளவே கூடாது. கிளாம்ப் (லைனை இறுக்கி மூடும் பிடி) மூடியிருக்கிறதா, லைன் மடங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடைசி அரை மி.லி.யைச் சிரிஞ்சிலேயே விட்டுவிட வேண்டும். முழுக்கத் தள்ளினால் பிஸ்டனின் ரப்பர் பின்னால் எகிறி ரத்தத்தை லைனுக்குள் இழுக்கும்.

அடுத்து கிளாம்ப். எப்போதும் சிரிஞ்சைக் கழற்றிவிட்டு கிளாம்ப் போடுங்கள் என்று ஒரே விதியாகச் சொல்லிவிட்டார்கள். லைன் நுனியில் மாட்டும் கனெக்டர், சிரிஞ்சைக் கழற்றும்போது திரவத்தை முன்னே தள்ளும் பாசிட்டிவ் டிஸ்ப்ளேஸ்மென்ட் வகையாக இருந்தால் மட்டும் அது சரி. ரத்தத்தை உள்ளே இழுக்கும் நெகட்டிவ் வகையென்றால் சிரிஞ்சை அழுத்திப் பிடித்தபடியே கிளாம்ப் போட்டு, அப்புறம்தான் கழற்ற வேண்டும். நியூட்ரல் வகைக்கு எந்த வரிசையும் சரி. எந்தக் கனெக்டர் என்று பாக்கெட் உறையைப் பார்த்தால்தான் தெரியும், உறையோ ஆஸ்பத்திரியிலேயே குப்பைக்குப் போயிருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘வாரா வாரம் லைன் அடைச்சுக்குது’ என்று வரும் புகார்களுக்கு இந்த வரிசைத் தப்பும் ஒரு காரணம்.

வேன்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் 1 கிராமை 100 மி.லி. சலைனில் போட்டு அரை மணியில் ஏற்றலாம் என்று ஸ்லைடிலேயே இருந்தது. நிமிடத்துக்கு 10 மி.கி.க்கு மேல் போகக் கூடாது, எந்த டோஸும் 60 நிமிடத்துக்குக் குறையவும் கூடாது. இரண்டில் எது நீளமோ அதுதான் நேரம். ஆக 1 கிராமுக்கு 100 நிமிடம். மி.லி.க்கு 5 மி.கி.க்கு மேல் செறிவு வேண்டாம் என்பதால் குறைந்தது 200 மி.லி. வேண்டும். 250 மி.லி. பாட்டிலில் கலந்து, மி.லி.க்கு 20 சொட்டு வரும் சாதாரண செட்டில் விட்டால் நிமிடத்துக்கு 50 சொட்டு. செட்டின் உறையில் சொட்டுக் கணக்கு அச்சிட்டிருக்கும். மைக்ரோ செட்டில் மி.லி.க்கு 60 சொட்டு. அரை மணியில் ஓட்டினால் முகம், கழுத்து, மார்பெல்லாம் சிவந்து அரிக்கும், பி.பி. இறங்கும். இது பெரும்பாலும் வேகத்தால் வருவது, அலர்ஜி இல்லை. மருந்தை நிறுத்தி, டாக்டரிடம் சொல்லி, அடங்கிய பிறகு மெதுவாக ஏற்றலாம். இது தெரியாமல் ஃபைலில் ‘வேன்கோ அலர்ஜி’ என்று எழுதிவிட்டால், அடுத்த முறை அந்த நோயாளிக்கு அந்த மருந்தே கிடைக்காது.

பூஞ்சைத் தொற்றுக்கான ஆம்ஃபோடெரிசின் பற்றிச் சொன்னது இன்னும் மோசம். ‘எந்த மருந்துக்கும் முன்னும் பின்னும் சலைன் ஃப்ளஷ்.’ ஆம்ஃபோடெரிசின் சலைனில் படிந்து திரியும். 5% டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் லைனை டெக்ஸ்ட்ரோஸால்தான் கழுவ வேண்டும். லைபோசோமல் (கொழுப்புத் துகளில் அடைத்த) வகைக்கும் இதுதான். 2021இல் கரும்பூஞ்சைக்காக இந்த மருந்தைத் தேடி அலைந்த ஊரில் இதைக்கூடவா தெரியாமல் பாடம் எடுப்பது?

‘காலையில் எல்லா டோஸையும் கலந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் நாள் முழுக்கப் போடலாம்’ என்றதும் தப்பு. மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக்கைச் சலைனில் கலந்தால் 25 டிகிரியில் 1 மணி நேரம், 5 டிகிரிக்குள் 15 மணி நேரம். டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் உடனே ஏற்றிவிட வேண்டும். மே மாதம் கரண்ட் போன வீட்டு ஃபிரிட்ஜை 5 டிகிரி என்று எந்த நம்பிக்கையில் எழுதுவது? விட்டுவிட்டு ஏற்றும் மருந்துக்கான ஐவி செட்டை மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம் என்றதும் அதே ரகம்; அதை 24 மணி நேரத்தில் மாற்ற வேண்டும். 96 மணி நேரக் கணக்கு, நிற்காமல் ஓடும் செட்டுக்கு.

எலாஸ்டோமெரிக் (பலூன்) பம்ப்புக்கு ஒதுக்கியது பத்து நிமிடம். அதில் முக்கியமான விஷயம் வரவே இல்லை. அந்தப் பலூன் பம்ப்பின் வேகத்தைத் தீர்மானிப்பது ட்யூபில் இருக்கும் ரெஸ்ட்ரிக்டர் என்ற ஒடுக்கமான பகுதி. தோலின் சூட்டுக்கு ஏற்ப அதைக் கணக்கிட்டிருக்கும் பம்ப்புகளில் அது தோலோடு ஒட்டிப் பிளாஸ்டர் போட்டிருக்க வேண்டும். சட்டைக்கு வெளியே ஏ.சி. காற்றில் தொங்கினால் 46 மணி நேர ஃப்ளோரோயூராசில் (கீமோ மருந்து) நேரத்துக்கு முடியாது. வெயிலில் சூடேறினால் முன்பே முடியும். கண்ணால் பார்த்துப் பாதி ஆயிற்றா என்று சொல்வது கஷ்டம். சமையலறைத் தராசில் அவ்வப்போது எடை போட்டால் கிராம் குறைந்த அளவுக்குக் கிட்டத்தட்ட மி.லி. போயிருக்கும். கீமோ சிந்தினால் என்ன செய்வது என்பதற்கு ஒரு ஸ்லைடுகூட இல்லை.

அனாஃபிலாக்சிஸ் (உயிருக்கு ஆபத்தான கடும் அலர்ஜி) பாடம்தான் எல்லாவற்றையும்விடப் பயங்கரம். ‘ரியாக்‌ஷன் வந்தால் அவில் (அலர்ஜி மருந்து), எஃப்கார்லின் (ஸ்டீராய்டு) போடுங்கள், அடங்கவில்லை என்றால் அட்ரினலின்.’ தலைகீழ். மூச்சு இழுக்கிறது, குரல் கம்முகிறது, பி.பி. விழுகிறது என்றால் முதல் மருந்து அட்ரினலின். 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்ப்யூலில் பெரியவர்களுக்கு அரை மி.லி., தொடையின் வெளிப்பக்க நடுவில், தசையில். ரத்தக்குழாயில் தள்ளக் கூடாது. மருந்தை நிறுத்திச் செட்டையே கழற்றுங்கள், ட்யூபில் மிச்சமிருப்பதைச் சலைனால் உள்ளே தள்ளிவிடாதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்தி, 108க்கு அழைக்கச் சொல்லுங்கள். மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார வைக்கலாம், எழுந்து நடக்க மட்டும் விடக் கூடாது. 5 நிமிடத்தில் தேறவில்லை என்றால் இன்னொரு டோஸ். அவில் அரிப்பைத்தான் குறைக்கும், அடைத்த மூச்சுக்குழாயைத் திறக்காது. இதற்கான ஸ்டாண்டிங் ஆர்டரை (முன்கூட்டியே எழுதிய உத்தரவை) டாக்டரின் கையெழுத்தோடு வாங்காமல் எந்த முதல் டோஸையும் வீட்டில் ஆரம்பிக்காதீர்கள். இதே வகுப்பில் ‘ஐவி இரும்புச் சத்து வீட்டிலேயே நல்ல வருமானம்’ என்றும் ஒரு டிப்ஸ் வந்தது. ஐரோப்பிய மருந்து முகமை 2013இலேயே, ஐவி இரும்பை உயிர்காக்கும் வசதி உள்ள இடத்தில் மட்டும் கொடுத்து, முடிந்து 30 நிமிடமாவது கவனிக்கச் சொல்லிவிட்டது.

இப்படி ஒரு வகுப்புக்குப் பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டியவை: குழுமத்தின் ஒப்புதல் கடிதம், அதில் எண், தேதி, கிரெடிட் ஹவர்ஸ், சந்தேகமிருந்தால் அந்த எண்ணைக் குழுமத்திடமே விசாரியுங்கள். எத்தனை பேருக்கு ஒரு டம்மி, ஒவ்வொருவரும் செய்து காட்ட வேண்டுமா, செக்லிஸ்டில் யார் கையெழுத்துப் போடுவார். பாடம் எடுப்பவர் கடைசியாக எப்போது பிக் லைனைத் தொட்டார் என்றும் கேட்டுவிடுங்கள். கோபித்துக்கொண்டால் நல்லது, பணம் மிச்சம்.

ஏற்கனவே கட்டியவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. நோட்டீஸின் ஸ்க்ரீன்ஷாட், யு.பி.ஐ. பரிவர்த்தனை எண், ரசீது, ‘வந்துடும் சிஸ்டர்’ என்று அனுப்பிய மெசேஜ், சான்றிதழின் இரு பக்கமும் சேர்த்து வையுங்கள். குழுவிலிருந்து உங்களை நீக்குவதற்குள் சாட்டை எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். கேள்வி கேட்டவர்களை அன்றைக்கே நீக்கிவிட்டார்கள்.