ஹோண்டா சிட்டிக்கு அலாய் நட்: ஒரே கார், மூணு செட்

மொதல்லயே சொல்லிடறேன், இது அலாய் வீலுக்கு ரிவ்யூ இல்லீங்க, அந்த வீல மாட்டற நட்டுக்கு ரிவ்யூ. நட்டுக்கெல்லாமா ரிவ்யூ எழுதுவேன்னு எங்க வீட்லயே சிரிச்சாங்க. ஆனா அலாய், டயர்னு 60,000 ரூபா செலவு பண்ணிட்டு வெறும் 16 நட்டுல கோட்டை விட்டு நாலு மாசம் லோலோன்னு அலைஞ்சவன் நான், எழுதாம இருக்க முடியல.

கார் 2016 ஹோண்டா சிட்டி. கம்பெனி 15 இன்ச் அலாய கழட்டிட்டு வெளி மார்க்கெட் 16 இன்ச் போட்டேன். போட்டது கோயமுத்தூர்ல ஓரளவு பெரிய கடைதான், பேர் வேண்டாம். டயர் ஏத்தும்போது "அண்ணா நட் புதுசா வாங்கணுமா"ன்னு கேட்டேன். "எதுக்கு சார், கம்பெனி நட்டே இருக்குதே, அதவிட ஸ்ட்ராங்கா வேற என்ன வந்துடப்போகுது"ன்னாரு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, எனக்கும் செலவு மிச்சம், சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வர்ற வழியில ஒண்ணும் தெரியல. அந்த ஞாயித்துக்கெழம எல் அண்ட் டி பைபாஸ்ல 85 தாண்டினதும் ஸ்டியரிங் லேசா உதற ஆரம்பிச்சுது. பேலன்சிங்கா இருக்கும்னு திரும்ப கடைக்குப் போனேன், பண்ணிக் கொடுத்தாங்க, அப்பவும் உதறல், அப்புறம் அலைன்மென்ட் பாத்தாங்க, அப்பவும் அதே, அப்புறம் ரோடு சரியில்ல சார்னு சொல்லிட்டாங்க, இத்தன வருசமா அதே ரோட்லதான் ஓட்டறேன்! மூணாவது வாரம் திரும்பறப்ப முன்னாடி இடது பக்கம் டிக் டிக்னு ஒரு சத்தம். வண்டிய ஓரங்கட்டி வீல் ஸ்பேனர வெச்சா, சும்மா கை வெச்ச பாரத்துக்கே ரெண்டு நட் கால் சுத்து திரும்புது. குடும்பத்தோட ஊட்டி போய்ட்டு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்துச்சு, அத நெனச்சா இப்பவும் வயித்தக் கலக்கும்.

எங்க அப்பா காலத்துலருந்து பழக்கமான லேத் பட்டறை ஒண்ணு கணபதி பக்கம் இருக்கு. அந்தப் பெரியவர்கிட்ட ஒரு வீலையும் நாலு நட்டையும் கொண்டுபோய்க் குடுத்தேன். அவர் எதுவும் பேசல. ஒரு கறுப்பு மார்க்கர எடுத்து நட்டோட வாய்ப்பக்கம், அதாவது வீல்ல போய் ஒக்கார்ற எடம் முழுக்கப் பூசினாரு, காய விட்டாரு, வீல் ஓட்டைல வெச்சு பின்னாடி இருந்து ஒரு போல்ட்ட விட்டு முறுக்கிட்டுத் திரும்பக் கழட்டிக் காட்டினாரு. அத்தன மையில ஒரே ஒரு வளையம், நூல் கனத்துக்கு ஒரு கோடு மட்டும்தான் அழிஞ்சிருந்துச்சு, மீதி மை அப்பிடியே இருக்கு. "ஏங்கண்ணு, இது உருண்ட, அது கூம்பு. புனலுக்குள்ள கோலிகுண்டப் போட்டா எவ்வளவு எடத்துல தொடும்? அவ்வளவுதான் உன் வீல புடிச்சிட்டிருக்குது"ன்னாரு.

மேட்டர் இதுதாங்க. ஹோண்டா கம்பெனி நட்டோட வாய் உருண்டையா இருக்கும், பந்து மாதிரிங்கறதால இங்கிலீஷ்ல "பால் சீட்"னு சொல்வாங்க. வெளில விக்கற அலாய்ல கிட்டத்தட்ட எல்லாமே 60 டிகிரி கூம்பு. ரெண்டும் எட்ட இருந்து பாத்தா ஒண்ணு மாதிரியே இருக்கும், மாட்டினாலும் மாட்டிக்கும், முறுக்கினா டைட்டும் ஆகும். ஆனா அந்த நூல் கனம்தான் மொத்த அழுத்தத்தையும் தாங்குது. ஓட ஓட அலாய் அந்த எடத்துல நசுங்கும், நசுங்கினா நட் லூசாகும். என் வீல் ஓட்டைல டார்ச் அடிச்சுப் பாத்தா பள்ளம் விழுந்து பளபளன்னு ஒரு வளையம் தெரிஞ்சுது. நல்லவேளையா லேசான பள்ளம்தான், ஆழமா இருந்தா வீலையே மாத்தணும்னு பெரியவர் சொன்னாரு.

இதோட இன்னொரு கூத்து. சிட்டியோட ஹப், அதாவது வீல் போய் ஒக்கார்ற நடு முண்டு, 56.1 எம்எம், நான் வாங்கின அலாய்ல நடு ஓட்டை 73.1. பல காருக்கும் ஒரே வீல விக்கணும்னு பெருசா போட்டுட்டு, நடுவுல கேப்ப அடைக்க ஒரு ரிங் குடுப்பாங்க, ஹப் ரிங். என் கடைக்காரர் அதையும் போடல. அப்ப வீல நட்டநடுவுல நிறுத்தற வேலையும் நட்டு தலைலதான், அந்த நட்டோ கோலிகுண்டு. உதறாம என்ன பண்ணும்.

சரி, நட் மாத்துவோம்னு ரெண்டாவது செட் வாங்கப் போய்த்தான் அடுத்த குழில விழுந்தேன். ஆன்லைன்ல செவப்பு கலர் அலுமினியம் நட், 20 பீஸ் 1,400 ரூபா. செவப்பு எதுக்குன்னா, வேற எதுக்கு, கறுப்பு அலாய்க்கு எடுப்பா இருக்கும்னுதான், அந்த வயசு. விக்கறவன் பேர சொல்லல. பொட்டி பிரமாதம், கைல எடுத்தா பஞ்சு மாதிரி லேசு, இரும்பு நட்டோட கனத்துல மூணுல ஒரு பங்கு பக்கம்தான் இருக்கும். கூம்பு சீட்டும் சரியா இருந்துச்சு, மாட்டினதும் உதறல் பாதி கொறஞ்சுது, ஹப் ரிங் வாங்கிப் போட்டதும் சுத்தமா நின்னுது. அதோட நல்ல விசயம் முடிஞ்சுது. ரெண்டு தடவ கழட்டி மாட்டினதுக்கே மூணு நட்டுல ஹெக்ஸ், அதாவது ஸ்பேனர் புடிக்கற ஆறு பட்டை, அதோட மூலை மழுங்கிருச்சு. ஒரு பஞ்சர் கடைல நான் டீ குடிக்கப் போன கேப்புல அவர் ஏர் கன்ன வெச்சுட்டாரு, ஒரு நட்டோட மரை ஸ்டட்டோட, அதாவது நட்டு ஏறற மரை வெச்ச கம்பியோட, அப்பிக்கிச்சு, அது கழண்டு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. ஒரு மழக்காலம் முடியறதுக்குள்ள செவப்பு வெளுத்து ரோஸ் ஆயிருச்சு, பொண்ணுங்க வளையல் கலர். என் ஃப்ரெண்டு இன்னைக்கும் அத சொல்லித்தான் ஓட்டறான்.

அலுமினியமே மோசம்னு சொல்ல வரல. 7075ங்கற கெட்டி அலுமினிய கிரேடுல ஃபோர்ஜ் பண்ணி, அதாவது அடிச்சு அழுத்தி உருவாக்கி, வர்ற நல்ல நட்டு இருக்கு, ட்ராக்ல ஓட்டறவங்க, கையால மட்டும் மாட்டிக் கழட்டறவங்க போடறாங்க. செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக்குக்கு ஒருவாட்டி வேடிக்க பாக்கப் போனப்ப ஒருத்தர் கார்ல ப்ராஜெக்ட் கிக்ஸ் போட்டிருந்தாரு, ஜப்பான் சரக்கு, அது குரோமோலி ஸ்டீல், குரோமியமும் மாலிப்டினமும் கலந்தது, கைல வாங்கிப் பாத்தேன், ஃபினிஷிங் சும்மா நக மாதிரி. வெல கேட்டேன், நக மாதிரியேதான் இருந்துச்சு. ஆபீஸ், வீடு, ஸ்கூல்னு ஓட்டி எந்தப் பஞ்சர் கடைக்காரர் கை வேணா படும்ங்கற நம்ம காருக்கு 1,400 ரூபா செவப்பு நட்டு வேண்டவே வேண்டாம். நான் குடுக்கற மார்க்கு அஞ்சுக்கு ஒண்ணு, அதுவும் பொட்டிக்காக.

இதே நட்டத்தான் எங்க மச்சானும் அவர் ஸ்விஃப்ட்டுக்கு ஆர்டர் போட்டாரு. லிஸ்டிங்ல ஹோண்டா, டொயோட்டா, சுசூகி, ஹூண்டாய் எல்லாத்துக்கும் செட் ஆகும்னு போட்டிருந்தான். எப்பிடிங்க ஆகும்? ஹோண்டா, டொயோட்டா, ஹூண்டாய்க்கு 12 எம்எம் ஸ்டட்ல மரை பிட்ச், அதாவது ஒரு சுத்துக்கு நட்டு ஏறற தூரம், 1.5 எம்எம். மாருதி சுசூகிக்கு அதே 12 எம்எம்தான், ஆனா பிட்ச் 1.25. மாத்தி மாட்டினா கையால ரெண்டு சுத்து சமர்த்தா ஏறும், அப்புறம் நிக்கும். அங்கயே நிறுத்தினா பொழச்சோம், டைட்டா இருக்கு போலன்னு ஸ்பேனர வெச்சா ஸ்டட் மரை காலி. மச்சான்கிட்ட மூணாவது சுத்துலயே நிறுத்துங்க மாமான்னு ஃபோன்லயே கத்தினேன். போலோ, ஸ்கோடா வெச்சிருக்கறவங்களுக்கு இந்த நட் கதையே இல்ல, அங்க ஸ்டட் கெடையாது, போல்ட்தான், 14 எம்எம் 1.5 பிட்ச், அதுலயும் கம்பெனி போல்ட் வாய் உருண்டைதான், அதனால அலாய் மாத்தினா அவங்களும் இதே பாடு படணும். இன்னோவா மாதிரி டொயோட்டா கம்பெனி அலாய்க்கு வாஷர் வெச்ச தட்டை நட்டு, அதுக்குக் கூம்பும் ஆகாது உருண்டையும் ஆகாது.

மூணாவது செட்தான் இப்ப ஓடிட்டிருக்கு, ரெண்டு வருசம் ஆகப்போகுது. தைவான் சரக்கு, ஒரே பீஸா ஃபோர்ஜ் பண்ண ஸ்டீல், கறுப்பு, 12க்கு 1.5, 60 டிகிரி கூம்பு, 19 எம்எம் ஹெக்ஸ், மூடின தல. 16 பீஸ் 3,200 ரூபா. கண்ணுக்கு ஒண்ணும் பெருசா இருக்காது, பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன நட்டுன்னு கேக்க மாட்டாரு. ஆனா பெரியவர் பழையபடி மார்க்கர் டெஸ்ட் போட்டாரு பாருங்க, கூம்பு முழுக்க மை அழிஞ்சு வெள்ளையா ஒரு பட்டை. அதப் பாத்ததும் வந்த நிம்மதி இருக்கே, அந்த 60,000 ரூபா அலாயப் பாத்தப்பகூட எனக்கு அப்பிடி வரல.

"ஒரே பீஸ்"ங்கறத அழுத்திச் சொல்றேன், ஏன்னா கம்மி வெலைல பளபளன்னு குரோம் நட்டு விக்கறாங்களே, அதுல நெறைய ரெண்டு பீஸ்தான், உள்ள ஒரு நட்டு, மேல தகடுல ஒரு தொப்பி. தொப்பிக்கும் நட்டுக்கும் நடுவுல தண்ணி பூந்து துரு புடிச்சா தொப்பி உப்பிக்கும், அப்புறம் 19 சாக்கெட் ஏறாது, 20ம் சரியா நிக்காது, ராத்திரி பத்து மணிக்கு நடுரோட்ல பஞ்சரானா கதை கந்தல்.

கொற சொல்லணும்னா ரெண்டு இருக்கு. ஒண்ணு, வெளி அலாய்ல நட்டுக் குழி சின்னது, என் வீல்ல சாதா 19 சாக்கெட் சுவத்துல ஒரசுது, அதனால தனியா மெல்லிசு சுவர் சாக்கெட் ஒண்ணு வாங்க வேண்டியதாப் போச்சு, இல்லாட்டி பெயின்ட் பேந்துரும். இந்தப் பிரச்சனைக்குத்தான் பல்லு வெச்ச ஸ்ப்லைன் நட்டுன்னு ஒண்ணு விக்கறான், சாவி மாதிரி ஒரு அடாப்டர் வெச்சாத்தான் கழட்ட முடியும், குழிக்குள்ள அழகா போகும், திருடனுக்கும் கொஞ்சம் கஷ்டம். ஆனா அந்த அடாப்டர தொலைச்சா நமக்கும் அதே கஷ்டம், நான் வீட்டுச் சாவியவே வாரத்துக்கு ரெண்டு தடவ தேடறவன், வேண்டாம்னுட்டேன். இன்னொரு கொற, தல மூடின நட்டா இருக்கறதால ஸ்டட் நீளத்த அளந்துட்டுத்தான் வாங்கணும். நீளமான ஸ்டட்டுன்னா உள்ள போய் முட்டிக்கும், ஸ்பேனருக்கு செம டைட்டா தெரியும், ஆனா வீல் லூசா நிக்கும். எனக்கு முட்டல, எடம் இருந்துச்சு.

அதே மாதிரி கொறஞ்சபட்சம் ஸ்டட் எவ்வளவு தடிமனோ அவ்வளவு நீளத்துக்காவது மரை புடிக்கணும்பாங்க. 12 எம்எம் ஸ்டட், 1.5 பிட்ச், அப்ப கையால விடறப்ப எட்டு சுத்து வரணும். எண்ணிப் பாருங்க, காசா பணமா. 5 எம்எம் ஸ்பேசர் வெச்சு வீல வெளில தள்ளறவங்க இதுல மூணு சுத்துக்கு மேல இழக்கறாங்க, அத எந்தக் கடைலயும் சொல்ல மாட்டாங்க.

அப்புறம் முறுக்கறது. சிட்டிக்கு முறுக்கு அளவு 108 நியூட்டன் மீட்டர். நம்மூர் பஞ்சர் கடைல ஒரு அடி ஸ்பேனர் மேல ஏறி நின்னு ஒரு மிதி மிதிப்பாங்க பாருங்க, 75 கிலோ ஆளு நின்னாலே 220 கிட்ட போயிரும், டபுள். நான் 2,800 ரூபாய்க்கு ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கிட்டேன், வெச்ச அளவு வந்ததும் டக்னு சத்தம் வரும், நிறுத்திக்கலாம். ஒண்ணு மாத்தி ஒண்ணு எதிரும் புதிருமா முறுக்கிட்டு, 100 கிலோமீட்டர் ஓட்டினப்புறம் இன்னொரு ரவுண்டு பாத்தேன், 16ல ரெண்டு நட்டு லேசா இடம் குடுத்துச்சு, அப்புறம் இன்னைக்கு வரைக்கும் அசையல. ஸ்டட்டுக்கு எண்ண தடவ வேண்டாம், மரை வழுக்குனா அதே 108ல தேவைக்கு மேல இழுத்துரும்.

கடைசியா ஸ்டெப்னி. இத நான் யோசிக்கவே இல்ல, பெரியவர்தான் கெளம்பும்போது கூப்ட்டு சொன்னாரு. டிக்கில கெடக்கற ஸ்டெப்னி கம்பெனி இரும்பு ரிம்மு, அதோட ஓட்ட உருண்ட வாய்க்கு வெட்டினது. புதுக் கூம்பு நட்ட அதுல போட்டா மறுபடியும் அதே கோலிகுண்டு கத, தலைகீழா. அதனால பழைய ஹோண்டா நட்டுல நாலு ஒரு மஞ்சப்பைல கட்டி ஜாக்கி பக்கத்துல வெச்சிருக்கேன். போன மாசம் காரமடை தாண்டி பஞ்சர். கழட்டின நட்டையே பஞ்சர் கடைக்காரர் ஸ்டெப்னிக்கும் மாட்டப் போனாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள எங்க வீட்டம்மா எறங்கிப் போய் டிக்கிய தொறந்து மஞ்சப்பைய அவர் கைல குடுத்து, "அண்ணா அது வேண்டாம், இந்த உருண்ட நட்டப் போடுங்க"ன்னாங்க. அவர் என்னைய ஒரு பார்வ பாத்தாரு.