பிக் சத்தம் எடுப்பாகக் கேட்க எது உதவும்?

அகூஸ்டிக் கிட்டார் ரெக்கார்டிங்கில் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) கம்பியில் படும் 'டிக்' சரியாகக் கேட்கவில்லை என்றால் உடனே ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் வசதி) கை வைக்கிறார்கள். 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்றினால் அது முன்னால் வரும், சரி. ஆனால் மைக்கில் விழாத சத்தத்தை ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும்.

முதலில் பிக். தடித்த பிக்தான் பளிச்சென்று அடிக்கும் என்று தோன்றும். கம்பிகளைச் சேர்த்து மீட்டும் ஸ்ட்ரம்மிங்கில் நடப்பது தலைகீழ். 0.46 மி.மீ. நைலான் பிக் வளைந்து வளைந்து ஆறு கம்பியையும் உரசிக்கொண்டு போகும். 'சரக் சரக்' என்று பிக் சத்தமே தூக்கலாகக் கேட்கும், கம்பியின் கனம் பின்னால் போகும். 1.5 மி.மீ. பிக் வளையாது, ஒலி உருண்டு கனமாக வரும். ஒற்றை நோட்டு மெலடிக்கு அதுதான் என் தேர்வு, முனை மட்டும் கூராக இருக்க வேண்டும். பிடிக்கும் கோணமும் முக்கியம். கம்பிக்கு இணையாகப் பிடித்தால் 'டக்'கென்று விடுபடும். சாய்த்தால் அடி மழுங்கும், தடித்த கம்பிகளில் அரம் தேய்க்கிற மாதிரி ஓர் உராய்வும் சேரும்.

புதுக் கம்பியா, பழையதா என்பதில் விவாதமே இல்லை, புதுசுதான். புதுச்சேரி கடற்கரைப் பக்கம் குடியிருந்தால் உப்புக்காற்று கம்பியைச் சீக்கிரம் மந்தமாக்கிவிடும். பூச்சுள்ள கம்பி அதிக நாள் தாங்கும். பதிவுக்கென்றால் நான் பூச்சில்லாத புதிய வெண்கலக் கம்பிதான் போடுவேன்.

மைக்கில், சிறிய டயஃப்ரம் (ஒலியில் அதிரும் சவ்வு) உள்ள கன்டென்சர் வகை அந்த நொடிநேர அடியை நுணுக்கமாகப் பிடிக்கும். புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுன் பக்கத்துப் பழைய வீடுகளின் உயரமான கூரையில் முட்டித் திரும்பும் எதிரொலியையும், தெருவில் போகிற ஸ்கூட்டரையும் சேர்த்தே பிடிக்கும். அந்த மாதிரி அறையில் சுற்றுச் சத்தத்தை அவ்வளவாகப் பிடிக்காத, எஸ்எம்57 போன்ற டைனமிக் வகை மைக்கைக் கிட்டத்தில் வைப்பது மேல். கிட்டார் கழுத்தில் 12ஆவது ஃபிரெட்டுக்கு (குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நேராக ஒரு சாண் தள்ளி வைத்து, பிக் பிடித்த கையை நோக்கிக் கொஞ்சம் திருப்புங்கள். ஒலித்துளைக்கு நேராக வைத்தால் 'பொம்' என்று அடித்தொனி மொய்க்கும். எந்த மைக் ஆனாலும் ஃபேனை நிறுத்த வேண்டும். மே மாதத்தில் வேர்வையில் பிக் வழுக்குவது தனிக் கதை.

சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரில் அட்டாக் (அது அமுக்க எடுக்கும் நேரம்) 1 மில்லிசெகண்ட் என்றால் பிக் அடி நசுங்கிப் போகும், 30 வைத்தால் தப்பிக்கும்.

எலக்ட்ரிக் கிட்டாருக்கு டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) குறைப்பதே முதல் வழி. போதாவிட்டால் ஆம்பை (கிட்டாரின் ஒலிபெருக்கி) அடுத்த அறைக்குத் தள்ளிவிட்டு, கம்பிகளுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு மைக் வைத்து, அந்த டிராக்கை அடியில் லேசாகக் கலந்து பாருங்கள்.